பொட்டு வைத்த கத்தி

செல்வன் அன்று காலை வாசற்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த இலக்கியா, "வெள்ளிக்கெழம அதுவுமா நகத்த வெட்டிக்கிட்டு... எடுத்து வைங்க மொதல்ல" என்று சத்தம் போட்டாள். இடது கையை முடித்திருந்தான். வலது கையைத் தொடவில்லை. "அப்ப கோர்ட்டுல பாதி சாட்சிதான் சொல்லுவேன், பரவால்லியா?" என்று சிரித்துக்கொண்டே நகவெட்டியைச் சட்டைப்பையில் போட்டான். கருவிப்பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.

மதியம் மருத்துவமனையில் துணியை விலக்கிக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். இடது கையில் நகம் வெட்டியிருந்தது. வலது கையில் வளர்ந்திருந்தது. அந்த வலது கையில்தான் கத்தி இருந்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது.

அது நடந்து மூன்று மாதமாகிவிட்டது. செந்தமிழ்செல்வன், வயது முப்பத்து நான்கு, திருப்பாதிரிப்புலியூரில் தண்ணீர் ஃபில்டர் மெக்கானிக். புவனகிரி சாலையில் ஒரு லாரி சைக்கிள்காரர் ஒருவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். லாரி எண்ணையும் சொன்னான். சிதம்பரம் கோர்ட்டில் சாட்சி சொல்லவும் ஒப்புக்கொண்டான். அந்த லாரியின் டிரைவர் ஸ்ரீதர் போனில் கூப்பிட்டு, "சிதம்பரம் வா, வழியில பார்த்துக்கறேன்" என்றான். அதைச் சொல்லப் போனபோது ஸ்டேஷனில் கிடைத்த பாதுகாப்பு மூன்று வார்த்தை: கவனமா போயிட்டு வாங்க.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய வண்டி ஸ்டாண்டில், பட்டப்பகலில், வீல் ஸ்பேனரால் அவனை அடித்துக் கொன்றான் ஸ்ரீதர். ஓடவில்லை. நின்று போலீசுக்குச் சொன்னான்: "என்னப் பார்த்ததும் கத்திய உருவுனான் சார். உயிருக்குப் பயந்து கையில கெடச்சதால அடிச்சேன்." கத்தியும் செல்வன் கையில் இருந்தது. ஸ்ரீதருக்கு ஜாமீன் கிடைத்தது. வரும் திங்கட்கிழமை, இது தற்காப்பு என்று சொல்லி வழக்கை முடிக்க இறுதி அறிக்கை போகிறது. இன்று வியாழன்.

"உங்க வக்கீல் சந்திரலேகா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் ராமாமிர்தம்.

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து எஃப்.ஐ.ஆர். எழுதியவள். எழுதியதில் எத்தனை பொய் என்று எண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டாள். இப்போது துப்பறிகிறாள்.

"அவரு கத்தி வச்சிருக்கலன்னு நான் சொன்னா மட்டும் பத்தாதாம். காட்டணுமாம்" என்றாள் இலக்கியா.

"இல்லாததக் காட்டுறதுன்னா கடவுள்கிட்டதான் கேட்கணும்" என்றான் ஜாபிர். ராமாமிர்தத்தின் உதவியாளன். நாற்பது வயது, முன்வழுக்கை, வாய் மட்டும் சும்மா இருக்காது. "அவரு ஃபீஸ் ஜாஸ்தி கேப்பாரு."

ராமாமிர்தம் வக்கீல் கொடுத்த படங்களை மேஜையில் பரப்பினாள். ஒரு படத்தில், செல்வனின் பையிலிருந்து சிதறிய கருவிகளோடு கையில் இருந்த கத்தியையும் சேர்த்து வரிசையாக வைத்து எடுத்திருந்தார்கள்.

"ஜாபிர், இதுல பன்னெண்டு சாமான் இருக்கு. எது ஒட்டல?"

ஜாபிர் குனிந்து பார்த்தான். "கத்திதான் மேடம். மத்ததெல்லாம் வேலைக்குப் போயிட்டு வந்திருக்கு. அது மட்டும் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கு."

கத்தியின் பிடியும் அலகும் சேரும் இடுக்கில் மஞ்சளாக ஒரு தீற்றல் இருந்தது. அதன் நடுவில் மிளகாய் விதை அளவுக்குச் சிவப்பு. போலீஸ் குறிப்பில் 'சமையல் மஞ்சள் கறை' என்று எழுதி, கத்தி இறந்தவர் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

"சமையல் மஞ்சள் நடுவுல குங்குமம் எப்டி வரும்? இது சந்தனம்" என்றாள் ராமாமிர்தம். "ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு. தொடச்சாலும் இடுக்குல மாசக்கணக்கா நிக்கும். உங்க வீட்ல இந்த வருஷம் பூஜை போட்டீங்களா?"

இலக்கியா படத்தில் இருந்த ஸ்பேனர்மேல் விரலை வைத்தாள். "இல்ல மேடம். ஆடியில மாமனார் எறந்துட்டாரு. ஒரு வருஷத்துக்கு எங்க வீட்ல ஒண்ணும் கெடயாது. ஸ்பேனருக்குக்கூட இவரு பொட்டு வைக்கல. அன்னிக்குத் தெருவே பொரிகடலை தின்னுச்சு, நாங்க டிவி பார்த்துக்கிட்டு இருந்தோம்."

"பதினொரு சாமான்ல பொட்டு இல்ல. ஒண்ணுல இருக்கு. அது உங்க வீட்டுச் சாமான் இல்ல." ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னொண்ணு. சுத்தியல், பத்து இஞ்சு ஸ்க்ரூடிரைவர், குழாய் வெட்டுற கட்டர், எல்லாம் பை வாயிலேயே சொருகி வைக்கிற சாமான். அடிக்க நெனைக்கிறவன் அதெல்லாம் விட்டுட்டு, இந்தத் துளியூண்டு கத்தியத் தேடி எடுப்பானா?"

மூன்று மாதத்தில் முதல்முறையாக இலக்கியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ஸ்ரீதர்தான் கொண்டாந்து வச்சிருக்கான்!"

ராமாமிர்தம் கண்ணாடியை மறுபடி மாட்டினாள். இன்னொரு படத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு அதைத் தன் பைக்குள் வைத்தாள். "சிதம்பரம் போவோம். நீங்களும் வாங்க."

பஸ்ஸில் இலக்கியா ஜன்னல் ஓரம். நின்றுகொண்டே வந்த ஜாபிரிடம் கேட்டாள், "வெளியில போறவங்க கத்தி வச்சிக்கலாமா, கூடாதா? சட்டம் என்னதான் சொல்லுது?"

"ஒம்பது இஞ்சுக்கு மேல நீளம்னா லைசென்ஸ் வேணும்க்கா. வீட்டு வேலைக்கு, விவசாயத்துக்குன்னா வேணாம். அதனாலதான் நம்ம பக்கத்துல ரவுடிங்க எல்லாம் விவசாயி."

"தற்காப்புக்குன்னு?"

"அதுக்குச் சட்டம் இருக்கு" என்றாள் ராமாமிர்தம். "உயிர எடுக்க வர்றவனத் திருப்பி அடிக்கலாம். அவன் செத்தாலும் குத்தமில்ல. நல்ல சட்டம்தான். ஆனா யாரு அடிச்சா, யாரு தடுத்தான்னு மிச்சம் இருக்கறவன் வாயிலேர்ந்துதான் கேட்டுக்கணும்."

ஆலப்பாக்கம் வந்தது, பரங்கிப்பேட்டை பிரிவு வந்தது.

ஸ்ரீதர் குடியிருந்ததும் வேலை பார்த்ததும் புறவழிச்சாலையில் இருந்த லாரி ஷெட்டில். முதலாளி சார்லஸ். ஜாபிர் லாரி வாங்க வந்தவன் போல உள்ளே நுழைந்தான். டயரைத் தட்டினான், ஜாக்கியைத் தூக்கிப் பார்த்தான், கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"சந்தனமும் இல்ல, குங்குமமும் இல்ல. ஒரு போல்ட்டு நட்டுலகூட இல்ல. முதலாளி சர்ச்சுக்குப் போறவரு. ஆயுத பூஜையன்னிக்கு ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸு, லீவு. அவ்ளோதானாம். ஸ்ரீதருக்கு வேற வீடு வாசல் கெடயாது, லாரிதான் வீடு. அவன் லாரியும் பாத்தேன். எங்க வீட்டுச் சுத்தியல் மாதிரி மொட்டையா நிக்குது."

இலக்கியாவின் முகம் விழுந்தது. "அப்ப யாரோட கத்தி அது?"

"வண்டி ஸ்டாண்டுல கேட்போம்" என்றாள் ராமாமிர்தம்.

ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த சபாபதிக்கு அறுபது வயது இருக்கும். இலக்கியாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். பார்வையைத் திருப்பி, டோக்கன்களை அடுக்க ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் பார்க்கலம்மா. போலீஸ்லயும் அதான் சொன்னேன்."

"நான் கொலையப் பத்தி கேக்கலையே" என்றாள் ராமாமிர்தம். மேலே நிமிர்ந்து பார்த்தாள். "தகரக் கூரை நல்லா இருக்குது. சுத்துமுத்தும் மரம் ஏதும் இருக்கா?"

"மரமா? இங்க எங்கம்மா மரம்?"

அவள் பைக்குள்ளிருந்து அந்தப் படத்தை எடுத்து அவர்முன் வைத்தாள். செல்வன் விழுந்து கிடந்த இடம். தரையில் ஹெல்மெட். பக்கத்தில் பழுப்பாக, சுருண்டு, ஒரு சருகு.

"அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கும்" என்று முணுமுணுத்தார் சபாபதி.

"வந்திருக்கலாம். காத்து நாரால முடிச்சும் போடுமா?" என்றான் ஜாபிர்.

இலக்கியா படத்தின்மேல் குனிந்தாள். வாழைச்சருகு. அதன் ஓரத்தில் பாதி அவிழ்ந்த வாழைநார். ஒரு சுற்று, அதன் மேல் குறுக்காக இன்னொரு சுற்று, நுனியை உள்ளே சொருகிய முடிச்சு. முகூர்த்தத்துக்கு நூறு நூறாக இலைக் கட்டுப் போடுகிறவர்கள் கட்டுகிற முடிச்சு. தானே எட்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகும் வரை அப்பா கடையில் ஆயிரக்கணக்கில் கட்டிய முடிச்சு. படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவளைப் பார்த்துவிட்டுச் சபாபதி டோக்கனைக் கீழே வைத்தார்.

"பாவம்மா உம் புருஷன். ஒரு கையில ஹெல்மெட்டு, ஒரு கையில நான் குடுத்த டோக்கன். திரும்பக்கூட இல்ல, பின்னாலேர்ந்து அடிச்சான். ரெண்டு அடி. அப்பறம் பைய எடுத்துக் கொட்டுனான். கோர்ட்டுக் காகிதம் எதாவது இருக்குமான்னு தேடுனான்னு நெனைக்கிறேன். அடியிலேர்ந்து ஒரு பொட்டலம் விழுந்துச்சு. தூக்கிப் பார்த்தான், கனமா இருந்துச்சு போல. பல்லால நாரக் கடிச்சுப் பிரிச்சான். உள்ள கத்தி." அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அதப் பார்த்துட்டு சிரிச்சாம்மா. லாட்டரி அடிச்சவன் மாதிரி. அப்பறம்தான் அந்தக் கையில வச்சான்."

"இத ஏன் சொல்லல?" என்று கேட்டாள் இலக்கியா.

"உம் புருஷன் எதுக்குச் செத்தாரு? பார்த்தத சொன்னதுக்குத்தானே? நானும் பார்த்தத சொல்லவா? நாளைக்கு என் பொட்டலத்துலேர்ந்து எவன் என்ன எடுப்பான்?"

இலக்கியாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வரவேண்டிய கோபமெல்லாம் வேறு திசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கோர்ட்டுல சொல்றீங்களா?" என்றாள் ராமாமிர்தம்.

சபாபதி டோக்கன்களை மறுபடி அடுக்கினார். "பொட்டலம் யாரோடதுன்னு உங்க பக்கத்து ஆளு ஒருத்தரு மொதல்ல சொல்லட்டும். அப்பறம் நான் சொல்றேன். தனியா நிக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் இலக்கியா ராமாமிர்தத்தின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"காலையிலியே தெரியுமா உங்களுக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு. படத்துல அந்த நாரப் பார்த்ததும். உங்க பொறந்த வீடு இலை வியாபாரம், இப்ப தம்பிதான் கடையப் பார்க்குறான்னு மொத நாளே சொன்னீங்க. சந்தேகத்த வச்சுக்கிட்டு ஒரு அக்காகிட்ட தம்பியப் பத்திப் பேசக்கூடாது."

"அதுக்கு என்னையே கூட்டியாந்து பார்க்க வச்சீங்களா?"

"ஆமா" என்றாள் ராமாமிர்தம். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜாபிர் பஸ் பார்க்க முன்னால் நடந்தான்.

திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் அவர்கள் இறங்கியபோது மணி ஐந்து. தம்பி அருண்குமார் இலைக்கடையில் தனியாக இருந்தான். அப்பா போனபின் அவன்தான் கடையைப் பார்க்கிறான். வயது இருபத்து நான்கு. போலீஸ் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தேறி, சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறான். அவன் பெயரில் ஒரு வழக்கின் நிழல் விழுந்தாலும் அந்த வேலை போய்விடும். செல்வனின் காரியம் முடிகிற வரை அக்கா வீட்டிலேயே படுத்துக்கிடந்தவன். துப்பறிகிறவர்களிடம் போகாதே, காசுதான் வீண் என்று சொன்னவனும் அவன்தான். அக்கறையில் சொல்கிறான் என்று இலக்கியா அப்போது நினைத்தாள்.

"அக்கா? என்ன இந்நேரத்துல?"

அவள் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனாள். மூலையிலிருந்து ஒரு சருகை உருவினாள். மேஜைமேல் கிடந்த காம்பு வெட்டும் கத்தியை அதன்மேல் வைத்தாள். அதன் இடுக்கிலும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"கட்டு" என்றாள்.

"என்னக்கா?"

"நாரெடுத்துக் கட்டுடா. எப்டிக் கட்டுவியோ அப்டிக் கட்டு."

அவன் நாரை எடுத்தான். ஒரு சுற்றுக்கூட வரவில்லை. நாரைக் கீழே போட்டுவிட்டு இலைக் கட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மெரட்டுறான்னு நீதானக்கா சொன்ன. ஸ்டேஷன்லயும் ஒண்ணும் பண்ணல. மாமாகிட்ட குடுத்தா தூக்கிப் போட்டுருவாரு. நீயும் திட்டுவ. அதான் காலையில வீட்டுக்கு வந்தப்ப கருவிப் பைக்குள்ள அடியில வச்சேன். குத்திக்காம இருக்கணுமேன்னு சருகுல சுத்துனேன். எதாவது ஒண்ணுன்னா கையில ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

"இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது. அப்பறம் எப்டிடா கைக்கு வரும்?"

"போன் பண்ணி சொல்லலாம்னுதான் இருந்தேன். பாதி வழி போயிட்டாருன்னா திருப்பிக் குடுக்க மாட்டாருன்னு..." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "அன்னிக்கு முகூர்த்தம்க்கா. மூணு மண்டபத்துக்கு இலை. மறந்துட்டேன்."

கடைக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்று, பத்து இலை கேட்டாள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"கத்தி இல்லன்னாலும் அடிச்சிருப்பான்" என்றாள் ராமாமிர்தம் மெதுவாக. "ஆனா சொல்றதுக்கு அவனுக்குக் கத கெடச்சிருக்காது. ஜெயில்ல இருந்திருப்பான். கட்டி வச்ச பொட்டலத்த எவனாலயும் உருவ முடியாது, தம்பி. அத நீ சொன்னா செல்வன் பேரு நிக்கும். சபாபதியும் வருவாரு. சொல்லலன்னா திங்கக்கெழமையோட முடிஞ்சிரும்."

"சொன்னா வேலை போயிடும் மேடம்."

"போகலாம். பொய் சொல்ல மாட்டேன். வீட்டு ஆளுங்களே கத்தி குடுத்து அனுப்பிச்சாங்கன்னு எதிர்த்தரப்பு உன்னத்தான் பிடிச்சுக் கிழிக்கும்."

அருண்குமார் அக்காவைப் பார்த்தான். ஏதாவது சொல்லுவாள், வேண்டாம் என்றாவது சொல்லுவாள் என்று பார்த்தான்.

"மூணு மாசம்" என்றாள் இலக்கியா. "எங்கூட உக்காந்து சோறு தின்ன. அவரு கத்தி வச்சிருந்தாருன்னு தெருவுல பேசுனாங்க. நான் ஒவ்வொரு வீடா போயி சண்ட போட்டேன். நீ எம் பக்கத்துல நின்ன."

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கு மட்டும்?" அவள் வாசலுக்கு வந்தாள். திரும்பாமல் சொன்னாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வக்கீல் ஆபீஸ். வரணும்னா வா."

வீடு வரை கூடவே வந்த ஜாபிர், பிரியும்போது மெதுவாகக் கேட்டான். "வருவானாக்கா?"

"தெரியல."

"வரலன்னா?"

"வரலன்னா எனக்கு ஒருத்தரும் இல்ல ஜாபிர் அண்ணே. வந்தாலும்தான்" என்றாள்.

மறுநாள் அவள் ஒன்பது ஐம்பதுக்குப் போனபோது அவன் வக்கீல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒன்பது மணிக்கே வந்துவிட்டதாக எதிர் டீக்கடைக்காரர் சொன்னார். சலவைச் சட்டை போட்டிருந்தான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

சந்திரலேகா ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். பொட்டு வைத்த கத்தி, சருகு, நார், மறந்துபோன போன். அவன் எதையும் மறைக்கவில்லை. இடையில் ராமாமிர்தம் வெளியே போய்ச் சபாபதிக்குப் போன் செய்துவிட்டு வந்தாள்.

"வர்றாராம். 'சரி'ன்னு சொல்லவே ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டாரு."

"பயந்தவன் சொல்ற 'சரி' கனமா இருக்கும் மேடம். எடுத்துட்டு வர நேரம் ஆகும்" என்றான் ஜாபிர்.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தா முபீனா, முதல் பக்கத்தில் காலியாக விட்ட இடங்களுக்குத் திரும்பினாள். பெயர், தகப்பனார் பெயர், வயது. தொழில் என்று கேட்டபோது அருண்குமார் கொஞ்சம் தயங்கி, "இலை வியாபாரம்" என்றான். முபீனா தட்டினாள்.

"எறந்தவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமா."

"அக்காவின் கணவர்னு போட்டுறவா?"

அவன் அக்காவைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த இலக்கியா, நேற்று மாலைக்குப் பிறகு முதல்முறையாக அவன் காதில் விழும்படி பேசினாள்.

"மாமான்னே போடுங்க."

முபீனா அப்படியே தட்டினாள்.